காற்றை நம்பிய மனிதர் – ஜோன் பொய்ட் டன்லொப்



பெரியோர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதும்போது உங்களில் பலர் பிறந்த ஆண்டு, படித்த இடம், செய்த வேலை, இறந்த ஆண்டு என்பவற்றை வரிசையாக எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறீர்கள். அவ்வாறு எழுதினால் அது பட்டியலாகுமேயன்றிக் கட்டுரையாகாது. அவர் எந்தச் சிக்கலை எதிர்கொண்டார், அதனை எவ்வாறு தீர்த்தார், அவரது வாழ்விலிருந்து இன்று நாம் எதனைக் கற்றுக்கொள்கிறோம் என்ற மூன்றும் அமைந்தால்தான் கட்டுரை நிறைவுபெறும். அதற்கு ஓர் எடுத்துக்காட்டாக, காற்றடைத்த ரயரை நடைமுறைக்குக் கொண்டுவந்த ஜோன் பொய்ட் டன்லொப் அவர்களின் வாழ்க்கையை இங்கு பார்ப்போம்.

வாசிக்கத் தொடங்குமுன் ஒரு சிறு வேலை செய்யுங்கள். உங்கள் சைக்கிளின் பின் ரயரைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். இறுக்கமாக இருக்கிறதா? சற்று அமிழ்கிறதா? கடைசியாக எப்போது காற்றடித்தீர்கள் என்பது நினைவிருக்கிறதா? பலருக்கு நினைவிருக்காது. ரயரை நாம் தினமும் காண்கிறோம்; ஆனால் கவனிப்பதில்லை. இந்தக் கட்டுரையின் இறுதிப் பகுதியில் இதற்குத் திரும்பி வருவோம்.

பிறப்பும் கல்வியும்

ஜோன் பொய்ட் டன்லொப் 1840ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 5ஆம் திகதி ஸ்கொட்லாந்திலுள்ள டிரெகோர்ன் என்னும் ஊரில் ஒரு விவசாயக் குடும்பத்திற் பிறந்தார். பண்ணை வாழ்க்கையில் மாடுகளும் குதிரைகளும் அவருக்குச் சிறுவயது முதலே பழக்கமாயின. எனவே அவர் மிருக வைத்தியத் துறையைத் தெரிவுசெய்ததில் வியப்பில்லை. எடின்பரோ நகரிலே அத்துறையைக் கற்று, இளவயதிலேயே மிருக வைத்தியராகத் தேர்ச்சிபெற்றார். ஸ்கொட்லாந்தில் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் தொழில் புரிந்தபின் 1867இல் அயர்லாந்துக்குச் சென்றார். 1871இல் மார்கரெட் ஸ்ரிவன்சன் என்பவரைத் திருமணம் செய்தார். இவர்களுக்கு ஒரு மகளும் ஒரு மகனும் பிறந்தனர்.

அயர்லாந்திலே முதலில் டவுன்பட்ரிக் என்னும் ஊரில் தன் சகோதரருடன் சேர்ந்து மிருக வைத்திய நிலையமொன்றை நடத்திய டன்லொப், பின்னர் பெல்பாஸ்ற் நகருக்கு இடம்மாறினார். 1880களின் நடுப்பகுதியில் அவரது நிலையம் அயர்லாந்தின் பெரிய மிருக வைத்திய நிலையங்களுள் ஒன்றாக வளர்ந்திருந்தது. அக்காலத்தில் வண்டிகளை இழுத்தவை குதிரைகளே. ஆகவே மிருக வைத்தியர் ஒருவர் வண்டி, பாதை, சில்லு என்பவற்றை நாள்தோறும் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

இங்கு ஒன்றைக் கவனியுங்கள். டன்லொப் ஒரு பொறியியலாளர் அல்லர். வண்டி செய்பவரும் அல்லர். பிற்காலத்தில் உலகம் முழுவதும் அவரது பெயரை அறியச் செய்த கண்டுபிடிப்பை அவர் செய்தபோது அவருக்கு வயது 47.

மகனின் முச்சில்லு வண்டி

பெல்பாஸ்ற் நகரின் தெருக்களிற் பல, கற்கள் பதிக்கப்பட்டவை. அக்காலத்து வண்டிச் சில்லுகளுக்கு இரும்புப் பட்டையோ திண்ம இறப்பர்ப் பட்டையோ பூட்டப்பட்டிருந்தது. கல்லில் ஏறி இறங்கும்போது ஏற்படும் ஒவ்வோர் அதிர்ச்சியும் வண்டியில் இருப்பவரின் முதுகெலும்பு வரை சென்றது.

டன்லொப்பின் மகன் ஜோனி அப்போது ஒன்பது, பத்து வயதுச் சிறுவன். அவனிடம் ஒரு முச்சில்லு வண்டி இருந்தது. கல் பதித்த தெருவில் அதனை மிதித்துச் செல்வது அவனுக்குப் பெரும் சிரமமாக இருந்தது. மகனின் சிரமத்தைக் கண்ட தந்தை, இந்த அதிர்ச்சியைத் தாங்கும் பொருள் சில்லுக்கும் தெருவுக்கும் இடையில் இருந்தால் என்ன என்று சிந்தித்தார். இறப்பரும் துணியும் தாங்கும். ஆனால் அவற்றைவிட மெதுவாக வளைந்து உடனே பழைய நிலைக்கு மீளும் பொருள் ஒன்று உண்டு. அது காற்று. காற்றை ஒரு குழாயில் அடைத்துச் சில்லைச் சுற்றிக் கட்டினால், வண்டி காற்றின் மீதே ஓடும் என்பது அவரது எண்ணமாயிற்று.

முற்றத்தில் நடந்த பரிசோதனை

1887ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் டன்லொப் தனது எண்ணத்தைச் சோதித்தார். மரத்தினால் வட்டமான தட்டு ஒன்றைச் செய்தார். மெல்லிய இறப்பர்த் தாளை ஒட்டிக் குழாயாக்கி அதனைத் தட்டின் விளிம்பைச் சுற்றி வைத்தார். அதன்மேல் துணியைச் சுற்றி மரத்தில் ஆணியடித்தார். உதைபந்துக்குக் காற்றடிக்கும் பம்பினால் குழாயினுள் காற்றை நிரப்பினார்.

பின்னர் அவர் செய்ததுதான் நீங்கள் பின்பற்ற வேண்டிய செயல். தான் நினைத்தது சரியென்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவர் நின்றுவிடவில்லை. மகனின் முச்சில்லு வண்டியிலிருந்து ஒரு சில்லைக் கழற்றி எடுத்து முற்றத்தில் உருட்டினார். அது சிறிது தூரம் ஓடி, வேகம் குறைந்து, முற்றத்தின் எல்லையை அடையுமுன்னரே சாய்ந்து விழுந்தது. அடுத்துக் காற்றடைத்த தட்டை உருட்டினார். அது முற்றத்தின் முழு நீளத்தையும் கடந்து, வாயிற் கதவருகே மோதித் திரும்பித் துள்ளியது.

மாணவர்களே, விஞ்ஞான பாடத்திற் படித்த பரிசோதனை முறையை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே இடம், ஒரே கை, இரு வேறு சில்லுகள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டபின்னரே டன்லொப் முடிவுக்கு வந்தார்.

நிலவில் ஓடிய வண்டி

இதன்பின் முச்சில்லு வண்டியின் பின்சில்லுகள் இரண்டுக்கும் காற்றடைத்த ரயர்கள் பூட்டப்பட்டன. 1888ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓர் இரவு வேலை முடிவடைந்தது. விடியும்வரை காத்திருக்க ஜோனிக்குப் பொறுமை இல்லை. நிலவொளியிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனான். அன்று சந்திர கிரகணம் நிகழ்ந்ததாகவும், நிழல் மூடியபோது வீடு திரும்பிய சிறுவன், அது விலகியதும் மறுபடியும் வண்டியை எடுத்துச் சென்றதாகவும் கூறப்படுகின்றது.

மறுநாட் காலையில் நடந்ததையும் இவ்வரலாறு கூறுகின்றது. ரயர்கள் இரண்டும் கவனமாகப் பரிசோதிக்கப்பட்டன. இறப்பரில் ஒரு கீறல்கூட இருக்கவில்லை.

இச்செய்தியைப் பலர் வாசித்துவிட்டுக் கடந்து செல்வர். நீங்கள் சற்று நின்று சிந்தியுங்கள். மகன் சந்தோஷமாக ஓடினான். வண்டி நன்றாகப் போயிற்று. அதுவே போதும் என்று தந்தை இருந்துவிடவில்லை. நன்றாக ஓடிய ரயரையும் பார்த்தார். அந்த வண்டியில் ஏறுபவன் தன் பிள்ளை என்பதால் பார்த்தார். காற்றடைத்த ரயர் பிறந்தபோதே ரயரைப் பரிசோதிக்கும் பழக்கமும் அதனோடு சேர்ந்து பிறந்துவிட்டது.

பரிகாசமும் வெற்றியும்

1888ஆம் ஆண்டு டிசெம்பர் 7ஆம் திகதி டன்லொப்புக்கு அவரது கண்டுபிடிப்புக்கான காப்புரிமை வழங்கப்பட்டது. ஆயினும் பார்த்தவர்கள் சிரித்தனர். மெல்லிய இறப்பர்ப் பட்டை பூட்டிய சைக்கிள்களைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு இந்தப் பருத்த ரயர் வேடிக்கையாகத் தெரிந்தது.

1889ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் திகதி பெல்பாஸ்ற் நகரில் குயீன்ஸ் கல்லூரி மைதானத்தில் சைக்கிள் ஓட்டப் போட்டிகள் நடைபெற்றன. வில்லி ஹியூம் என்ற வீரர் டன்லொப்பின் ரயர் பூட்டிய சைக்கிளிற் போட்டியிட்டார். அவர் கலந்துகொண்ட நான்கு போட்டிகளிலும் முதலிடம் அவருக்கே கிடைத்தது. சிரித்தவர்கள் வாயடைத்துப் போயினர். சிறிது காலத்தின் பின் இங்கிலாந்திலுள்ள லிவர்பூல் நகரிலும் ஹியூம் வெற்றிபெற்றார்.

டப்ளின் நகர வர்த்தகரான ஹார்வி டு குரோஸ் என்பவரின் கவனத்தை இவ்வெற்றிகள் ஈர்த்தன. அதே 1889இல் டப்ளினில் ரயர்க் கம்பனி ஒன்று ஆரம்பிக்கப்பட்டது. டன்லொப் தமது காப்புரிமையைக் கம்பனிக்கு வழங்கி, அதற்கு ஈடாகச் சிறிது பணத்தையும் ஒரு தொகைப் பங்குகளையும் பெற்றுக்கொண்டார்.

காப்புரிமை பறிபோதல்

பரீட்சையிற் பலர் தவறு விடும் இடம் இது. காற்றடைத்த ரயரை உலகிலே முதன்முதலிற் கண்டுபிடித்தவர் டன்லொப் என்று எழுதாதீர்கள். அது பிழை.

1890இல் டன்லொப்பின் காப்புரிமை செல்லாது என அறிவிக்கப்பட்டது. ஏனெனில் அவருக்கு நாற்பதாண்டுகளுக்கு மேல் முன்னரே, 1845இல், ரொபேர்ட் வில்லியம் தொம்சன் என்னும் இன்னொரு ஸ்கொட்லாந்துக்காரர் இதே கருத்துக்குப் பிரித்தானியாவிற் காப்புரிமை பெற்றிருந்தார். தொடர்ந்து பிரான்சிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் காப்புரிமை பெற்றார். 1847இல் இலண்டன் ரீஜன்ற்ஸ் பூங்காவிலே குதிரை வண்டிகளிற் காற்றுச் சில்லுகளைப் பூட்டி ஓடவும் விட்டார். ஆனால் அக்காலத்தில் இன்றைய வடிவிலான சைக்கிளும் இல்லை; மோட்டார் காரும் இல்லை. தோலுறை போர்த்திய அந்தச் சில்லுகள் விலை கூடியவையாகவும் இருந்தன. எனவே தொம்சனின் கண்டுபிடிப்பு மறக்கப்பட்டது. டன்லொப்பும் அதனை அறியாமலே தன் வழியில் அதே இடத்தை வந்தடைந்திருந்தார்.

ஆகவே சரியான விடை இதுதான்: காற்றடைத்த ரயர் என்ற கருத்தை முதலிற் கண்டவர் தொம்சன், அதனை நடைமுறைக்கு ஏற்றதாக்கி உலகத்தின் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தவர் டன்லொப்.

காப்புரிமையை இழந்தபின்னும் கம்பனி வீழ்ந்துவிடவில்லை. சார்ள்ஸ் கிங்ஸ்ரன் வெல்ச் என்பவர் 1890இல் உருவாக்கிய, விளிம்பிற் கம்பி வைத்த ரயருக்கான உரிமையைப் போன்று, வேறு உரிமைகளைக் கம்பனி வாங்கிக்கொண்டது. டன்லொப் தமது பெருமை குறைந்தது என்று ஒதுங்கிவிடாமல் அந்த இக்கட்டான காலத்திற் கம்பனியோடு நின்றார்.

காற்றுப் போனால் என்ன செய்வது?

டன்லொப்பின் முதல் ரயர்களில் ஒரு பெருங்குறை இருந்தது. அவை சில்லோடு ஒட்டப்பட்டவை. முள்ளோ ஆணியோ குத்திக் காற்றுப் போனால் துணியைப் பிரித்து, ஒட்டுப் போட்டு, மறுபடியும் ஒட்டிக் காயவிட வேண்டும். 1889இல் பிரான்சிலே கிளெர்மொன்ட் பெரோன் என்னும் நகரிலுள்ள மிச்செலின் சகோதரர்களின் தொழிற்சாலைக்கு, டன்லொப் ரயர் பூட்டிய சைக்கிளோடு ஒருவர் வந்தார். ஒட்டுப் போடுவதற்கே ஏறத்தாழ மூன்று மணித்தியாலம் சென்றது. காய்வதற்கு ஓர் இரவு வேண்டியிருந்தது. மறுநாள் எட்வார்ட் மிச்செலின் அதனை ஓட்டிப் பார்த்தார். சிறிது தூரத்திலேயே மறுபடியும் காற்றுப் போயிற்று. ஆனாலும் அந்தச் சிறிது தூரத்தில் காற்றின் மீது ஓடும் சுகத்தை அவர் உணர்ந்துவிட்டார். 1891இல் எளிதாகக் கழற்றிப் பூட்டக்கூடிய ரயரை மிச்செலின் சகோதரர்கள் உருவாக்கினர். 1895இல் பாரிஸ் – போர்தோ – பாரிஸ் ஓட்டப்போட்டியில் காற்றடைத்த ரயர் பூட்டிய மோட்டார் காரை அவர்களே ஓட்டினர். வழியிற் பல தடவை காற்றுப் போயிற்று. ஆயினும் வண்டி முழுத்தூரத்தையும் ஓடி முடித்தது.

இவ்வாறு சிறுவனின் முச்சில்லு வண்டிக்காகச் செய்யப்பட்ட ரயர், எட்டு ஆண்டுகளுக்குள் மோட்டார் காருக்கு ஏறிவிட்டது.

இறுதிக் காலம்

1890களின் நடுப்பகுதியில் டன்லொப் கம்பனியின் பணிப்பாளர் பொறுப்பிலிருந்து விலகினார். 1896இல் அக்கம்பனி பெருந்தொகைக்குக் கைமாறியபோது பெரும் இலாபம் ஈட்டியவர்கள் வேறு பலர். டன்லொப் தமது கண்டுபிடிப்பினாற் பெருஞ்செல்வந்தர் ஆகவில்லை. டப்ளின் நகரில் அமைதியாக வாழ்ந்து, 1921ஆம் ஆண்டு ஒக்டோபர் 23ஆம் திகதி தமது 81ஆவது வயதிற் காலமானார். அவர் விலகிய பின்னரும் அவரது பெயர் மட்டும் ரயர்களில் நிலைத்தது. வட அயர்லாந்திலே வங்கியொன்று வெளியிட்ட பத்துப் பவுண் நாணயத்தாளில் அவரது உருவம் பொறிக்கப்பட்டிருந்தது.

நமது நாட்டுக்குள்ள தொடர்பு

இந்த வரலாறு எங்கோ தூரத்து நாட்டுக் கதை என்று எண்ணிவிடாதீர்கள். 1876இல் ஹென்றி விக்ஹாம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளை இலண்டனிலுள்ள கியூ தாவரவியற் பூங்காவுக்குக் கொண்டுசென்றார். அங்கு முளைத்த கன்றுகளிற் பெரும்பாலானவை அதே ஆண்டு இலங்கைக்கு அனுப்பப்பட்டுக் கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொட தாவரவியற் பூங்காவில் நடப்பட்டன. பல ஆண்டுகள் அம்மரங்களுக்குப் பெரிய கிராக்கி இருக்கவில்லை. டன்லொப்பின் ரயரும் அதனைத் தொடர்ந்து மோட்டார் காரும் வந்தபின்னரே உலகத்துக்கு இறப்பர் பெருமளவில் தேவைப்பட்டது. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் இறப்பர்த் தோட்டங்கள் பரவின. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்களின் கைகளும் அம்மரங்களிற் பால் வெட்டின. வீதியில் ஓடும் ரயர் ஒன்றைப் பார்க்கும்போது அதனுள் நமது மக்களின் உழைப்பும் இருக்கக்கூடும் என்பதை மறவாதீர்கள்.

டன்லொப்பின் வாழ்வு கற்பிக்கும் பாடம்

இப்போது தொடக்கத்திற் கேட்ட கேள்விக்கு வருவோம். ரயரை அடிக்கடி ஏன் பார்க்கவேண்டும்?

சாதாரண மோட்டார் கார் ஒன்று ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோகிராம் நிறையுடையது என்று வைத்துக்கொள்வோம். நான்கு சில்லுகளும் சமமாகத் தாங்கினால் ஒரு சில்லு தாங்குவது 300 கிலோகிராம். ரயரில் சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் அளவில் காற்று அடிக்கப்பட்டிருந்தால், அது சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 2.1 கிலோகிராமுக்குச் சமம். 300ஐ 2.1ஆல் வகுத்தால் ஏறத்தாழ 143 சதுர சென்ரிமீற்றர் வரும். அதாவது ஒரு ரயர் வீதியைத் தொடுகின்ற இடம் ஓர் உள்ளங்கையை விடச் சற்றுப் பெரியது. அவ்வளவுதான். ஒரு குடும்பத்தின் உயிர் நான்கு உள்ளங்கை அளவு இறப்பரில் தங்கியிருக்கிறது. அந்த இறப்பரைத் தாங்குவது உள்ளேயிருக்கும் காற்று.

அந்தக் காற்றோ நிலையாக நிற்பதில்லை. ஆணி குத்தாவிட்டாலும் இறப்பரின் நுண்ணிய இடைவெளிகளூடாக அது மெல்ல மெல்லக் கசிகின்றது. நல்ல ரயரிலிருந்தும் மாதமொன்றுக்கு 1 அல்லது 2 இறாத்தல் அமுக்கம் குறைவது வழக்கம். சத்தம் இல்லை, அடையாளம் இல்லை. கண்ணால் பார்த்து அறிவதும் கடினம். அளக்காதவருக்கு அது தெரியப்போவதில்லை.

காற்றுக் குறைந்தால் என்ன நிகழும்? ரயரின் பக்கச் சுவர் கூடுதலாக வளையும். காரின் ரயர் ஒரு சுற்றுச் சுற்றும்போது ஏறத்தாழ 2 மீற்றர் நகர்கின்றது என்று கொண்டால், மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது அது நிமிடத்துக்கு 500 தடவை சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் பக்கச் சுவர் வளைந்து நிமிர்கின்றது. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் அது சூடாவதை நீங்கள் அறிவீர்கள். ரயரும் அவ்வாறே சூடாகின்றது. வெப்பத்தால் உள்ளேயுள்ள படைகள் ஒன்றையொன்று விட்டுக் கழன்று, ஈற்றில் ரயர் வெடிக்கலாம். நிறையப் பேரை ஏற்றிய வான், நல்ல வெயில், நீண்ட பிரயாணம், வேகம் என்பன சேரும்போது இந்த ஆபத்து மிக அதிகம். வேகமாகச் செல்லும்போது முன் ரயர் வெடித்தால் வாகனம் சாரதியின் கட்டுப்பாட்டை மீறிவிடக்கூடும்.

அதற்காக அளவுக்கு மிஞ்சிக் காற்றடிப்பதும் தவறு. அப்போது ரயரின் நடுப்பகுதி மட்டும் வீதியைத் தொடும். பிடிமானம் குறையும், நடுப்பகுதி விரைவில் தேயும். காற்றுக் குறைந்த ரயரோ இரு ஓரங்களிலும் தேயும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் சில்லுகளின் நேர்த்தன்மை பிழைத்திருக்கக்கூடும், திருத்துநரிடம் காட்டவேண்டும். ஆகவே ரயர் தேய்ந்திருக்கும் விதத்தைக் கொண்டே குறை எது என்பதைக் கண்டுபிடிக்கலாம்.

ரயரின் மேலேயுள்ள தவாளிப்புகள் அழகுக்காக வெட்டப்பட்டவை அல்ல. மழை நாளில் வீதியிலுள்ள நீரை வெளியேற்றுவதற்காகவே அவை உள்ளன. தவாளிப்புத் தேய்ந்துவிட்டால் நீர் வெளியேறாது. ரயர் வீதியைத் தொடாமல் நீரின் மேல் வழுக்கும். அப்போது தடுப்பை மிதித்தாலும் வாகனம் நிற்காது. பிரித்தானியா முதலிய நாடுகளிற் கார் ரயரின் தவாளிப்பு 1.6 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது என்பது சட்டம். அந்த அளவைக் காட்டுவதற்காகக் கார் ரயர்களின் தவாளிப்புகளின் அடியிற் சிறு மேடுகள் வைக்கப்பட்டிருக்கும். இறப்பர் தேய்ந்து அம்மேட்டோடு சமமாகிவிட்டால் ரயரை மாற்றவேண்டும்.

புதிய கார்கள் பலவற்றில் காற்றுக் குறைந்தால் விளக்கெரிந்து எச்சரிக்கும் வசதி உண்டு. அது இருக்கும்போது நாம் ஏன் பார்க்கவேண்டும் என்று சிலர் கேட்பர். ஐக்கிய அமெரிக்காவின் விதிப்படி, காற்று அமுக்கம் கால்வாசி குறைந்ததும் அந்த விளக்கு எரிந்தாகவேண்டும். அதற்கு முன்னர் எரியவேண்டுமென்ற கட்டாயம் இல்லை. எனவே விளக்கு எரியவில்லை என்பதற்காகக் காற்றுச் சரியாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. தவாளிப்பின் தேய்வையும் ரயரின் வெடிப்பையும் அந்த விளக்கு காட்டுவதுமில்லை.

சாரதி ஒருவர் செய்யவேண்டியவை

1. மாதத்துக்கு ஒரு தடவையாவதும், நீண்ட பிரயாணத்துக்கு முன்னரும் காற்று அமுக்கத்தை அளத்தல்.

2. ரயர் குளிர்ந்திருக்கும்போது அளத்தல். ஓடிச் சூடான ரயரில் அமுக்கம் உயர்ந்து காணப்படும்.

3. வாகனத்துக்குரிய அளவைப் பின்பற்றுதல். பெரும்பாலான கார்களில் சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால், தூணில் ஒட்டப்பட்ட தாளில் அது குறிக்கப்பட்டிருக்கும். ரயரின் பக்கத்தில் பொறித்திருப்பது அந்த ரயர் தாங்கக்கூடிய உச்ச அளவாகும்; வாகனத்துக்குரிய அளவு அதுவன்று.

4. தவாளிப்பின் ஆழம், வெட்டு, வெடிப்பு, வீக்கம், குத்தியிருக்கும் ஆணி என்பவற்றைப் பார்த்தல்.

5. ரயரின் வயதை அறிதல். பக்கச் சுவரிலுள்ள நான்கு இலக்கங்கள் உற்பத்தி செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம்.

6. மேலதிகச் சில்லையும் மறவாமற் பார்த்தல். அது தேவைப்படும் இடம் பெரும்பாலும் இருட்டிய, ஆளில்லாத வீதியாகவே இருக்கும்.

இவை அனைத்துக்கும் தேவைப்படும் நேரம் சில நிமிடங்களே. உங்களுக்கு இன்னும் சாரதி அனுமதிப்பத்திரம் பெறும் வயது வரவில்லை. ஆனால் உங்கள் சைக்கிளுக்கு நீங்களே சாரதி. அப்பாவின் மோட்டார் சைக்கிளையோ, மாமாவின் ஓட்டோவையோ, நீங்கள் பாடசாலைக்குச் செல்லும் வானையோ பார்த்து, ரயர் தேய்ந்திருக்கிறது என்று மரியாதையோடு சொல்ல உங்களால் முடியும். பெரியவர்களுக்கு வேலைப் பளுவில் கண்ணிற் படாதது, சிறுவர்களின் கண்ணிற் படுவதுண்டு.

முடிவுரை

டன்லொப் செல்வத்தைத் தேடி ரயரைச் செய்யவில்லை. தன் பிள்ளை கல்லுத் தெருவில் சிரமமின்றிப் போகவேண்டும் என்பதற்காகச் செய்தார். செய்தபின் உருட்டிப் பார்த்தார், ஓடவிட்டுப் பார்த்தார், ஓடியபின் காலையில் மறுபடியும் பார்த்தார். காப்புரிமை கைவிட்டுப் போயிற்று. பெரும் செல்வமும் வேறு கைகளுக்குச் சென்றது. ஆனால் அவர் செய்த ரயர் நம் எல்லோர் வீட்டு வாசலிலும் நிற்கின்றது. தன் பிள்ளை ஏறும் வண்டியின் ரயரை அன்று காலையில் அவர் பார்த்ததுபோல, தன் வாகனத்தில் ஏறுபவர்களுக்காக ஒவ்வொரு சாரதியும் பார்ப்பாரேயானால், பல வீடுகளில் இரவு நேரத்து அழுகையைத் தவிர்க்கலாம். அதுவே அம்மனிதருக்கு நாம் செய்யும் மரியாதையுமாகும்.

மீட்டல்: நினைவிற் கொள்ள வேண்டிய ஆண்டுகள்

1840 – டிரெகோர்னிற் பிறப்பு
1845 – தொம்சன் காப்புரிமை பெறல்
1867 – டன்லொப் அயர்லாந்து செல்லல்
1876 – இறப்பர்க் கன்றுகள் இலங்கைக்கு வரல்
1887 – முற்றத்திற் பரிசோதனை
1888 – டன்லொப் காப்புரிமை பெறல்
1889 – வில்லி ஹியூமின் வெற்றி. டப்ளினிற் கம்பனி ஆரம்பம்
1890 – காப்புரிமை செல்லாதெனல்
1891 – மிச்செலினின் கழற்றிப் பூட்டும் ரயர்
1895 – காற்றடைத்த ரயருடன் மோட்டார் கார் போட்டியில் ஓடல்
1921 – டப்ளினில் மறைவு

பயிற்சி வினாக்கள்

1. டன்லொப் எத்தொழிலைச் செய்தவர்? அத்தொழில் அவரது கண்டுபிடிப்புக்கு எவ்வாறு துணைபுரிந்திருக்கலாம்?

2. முற்றத்தில் நடந்த பரிசோதனையை ஐந்து வசனங்களில் விபரிக்குக.

3. தொம்சன், டன்லொப் ஆகிய இருவரின் பங்களிப்புகளையும் வேறுபடுத்திக் காட்டுக.

4. காற்றுக் குறைந்த ரயர் வெடிப்பதற்கான காரணத்தை விளக்குக.

5. உங்கள் வீட்டிலோ அயலிலோ உள்ள வாகனம் ஒன்றின் ரயர்களை, அதன் உரிமையாளரின் அனுமதியுடன் பார்வையிட்டு, நீங்கள் கண்டவற்றைப் பத்து வசனங்களில் எழுதுக.

குறிப்பு: ஐந்தாவது வினாவை வீட்டில் இருந்தபடி கற்பனையாக எழுதிவிடாதீர்கள். எழுந்து சென்று, வாகனம் நிறுத்தப்பட்டிருக்கும்போது பார்த்து எழுதுங்கள். தேய்ந்த ரயர் ஒன்றைக் கண்டால் விடையை எழுதுமுன் அதனை வீட்டிற் சொல்லிவிடுங்கள்.